மழைக்குக் கூரை, ஈரக்காற்றுக்கு மூடி

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு கணக்கு ஞாபகம் இருக்கும். கிடங்கில் 1000 கிலோ சரக்கு வாங்கி வைத்தார்கள். ஆவியாகி, சிந்தி, சில்லறையாகப் பிரித்துக் கொடுத்ததில் குறைந்து 980 கிலோதான் மிச்சம். இது நார்மல் லாஸ், மிச்சமிருக்கும் சரக்கின் விலையில் இதை ஏற்றிவிடு. முடிந்தது, எட்டு மார்க்.

சரி, இப்போது வேறு ஒரு கணக்கு. 1000 கிலோ வாங்கி வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து எடை போட்டால் 1080 கிலோ இருக்கிறது. யாரும் புதிதாக எதையும் கொண்டுவந்து கொட்டவில்லை. இது லாபமா, நஷ்டமா?

பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. புதுச்சேரிப் பக்கம் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டால் சட்டென்று சொல்வார்: "நஷ்டம்தாங்க. அதுவும் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்."

கூடிய அந்த 80 கிலோவும் தண்ணீர். காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் சாக்குக்குள் வந்து உட்கார்ந்த தண்ணீர். சரக்கு அதே சரக்குதான். ஆனால் இனிமேல் தராசில் ஒரு கிலோ நிறுத்துப் போட்டால் அதில் ஒரு கிலோ சரக்கு இருக்காது.

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

மண்பாண்டம் என்றதும் நமக்குத் தோன்றுவது பொங்கல் பானை, அகல் விளக்கு, தண்ணீர்ப் பானை. அவை மேல்பூச்சு இல்லாதவை. காபி கோப்பை, சூப் கிண்ணம் போன்றவற்றில் மேலே கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு பூச்சு இருக்கிறதே, அதற்குத்தான் கிளேஸ் என்று பெயர். அது பெயின்ட் அல்ல. பல கல்தூள்களை நிறுத்துக் கலந்து, தண்ணீரில் கரைத்து, பாத்திரத்தை அதில் முக்கியெடுத்து, சூளையில் சுமார் 1250 டிகிரிக்கு மேல் சுட்டால் அந்தத் தூள்கள் உருகி உண்மையிலேயே கண்ணாடியாகிவிடும்.

1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றுக்கொண்டவர்கள் பலர் புதுச்சேரியிலும் ஆரோவில்லைச் சுற்றியும் தனியாகப் பட்டறை போட்டார்கள். இன்று ஸ்டோன்வேர் என்றால் இந்தியாவில் முதலில் சொல்லப்படும் ஊர்களில் ஒன்று புதுச்சேரி. ஆனால் ஊர் கடற்கரை ஊர். வெயில் காலத்திலும் காற்றில் ஈரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நடுவில் புயல் வேறு. 2011 டிசம்பர் 30-ல் தானே. 2024 நவம்பர் 30-ல் கரையைக் கடந்த ஃபெஞ்சல், ஒரே நாளில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டித் தீர்த்தது.

பெரிய தொழிற்சாலைக்குக் கிடங்கு இருக்கும். ஒருவர் இருவராக நடத்தும் பட்டறைக்கு இருப்பது ஒரு கொட்டகை. அதில் சக்கரம், சூளை, காய வைக்கும் பலகைகள் போக மிச்ச இடம் எவ்வளவு? ஆகவே மூட்டைகள் வெளியே போகும். சுவரோரம், வேப்பமரத்தடி, தாழ்வாரம், மேலே ஒரு தார்ப்பாய்.

இதைப் பார்த்தவுடன் "ஐயையோ, இப்படியா வைப்பார்கள்? ஒரு ரூம் கட்டக் கூடாதா?" என்று கேட்பது சுலபம். அந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. வெளியே வைப்பது குற்றமில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைப்பதுதான் குற்றம்.

மண் வேறு, மாவு வேறு

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. களிமண்ணை வெட்டி வந்து வெட்டவெளியில் கொட்டி, வெயிலும் மழையும் படவிட்டு, ஊறவிட்டுப் பயன்படுத்துவது பானை செய்பவர்களின் பழைய வழக்கம். மண் ஊற ஊறத்தான் கைக்கு வளையும். ஈரம் அங்கே எதிரி இல்லை, கூட்டாளி.

களிமண்ணுக்குச் சரியான அந்த வழக்கம் பக்கத்திலிருக்கும் தூள் மூட்டைக்கும் சரி என்று நினைத்துவிட்டால் சிக்கல். கிளேஸ் என்பது எடை பார்த்துச் செய்யும் வேலை. களிமண்ணில் ஒரு கைப்பிடி தண்ணீர் கூடினால் விரலுக்கே தெரிந்துவிடும். கிளேஸ் தூளில் கூடினால் சூளையைத் திறக்கும் வரை தெரியாது.

தண்ணீர் இந்தத் தூள்களை என்ன செய்யும் என்று பார்த்தால் அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் கூட்டம், கல் ஜாதி. ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், சைனா களிமண், டால்க், டோலமைட், சாக்பீஸ் மாதிரி இருக்கும் கால்சியம் கார்பனேட், சிவப்பு இரும்பு ஆக்சைடு. இவை மலையிலும் பூமிக்கடியிலும் லட்சக்கணக்கான வருஷம் மழையைப் பார்த்தவை. நம் ஊர் ஐப்பசி மழை இவற்றை ஒன்றும் செய்துவிடாது. நனைந்தால் கட்டி கட்டும், எடை கூடும், அவ்வளவுதான். காய்ந்தால் பழைய பொருள் அப்படியே இருக்கும்.

இரண்டாவது கூட்டம், தண்ணீரோடு கூட்டு சேரும் ஜாதி. சோடா ஆஷ், பொட்டாசியம் கார்பனேட், நீர் நீக்கிய வெண்காரம், கழுவாத விறகுச் சாம்பல். அச்சு செய்யப் பயன்படும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் இதில்தான் வரும். இவற்றுக்கு மழையே வேண்டாம், காற்று போதும். சோடா ஆஷ் ஈரக்காற்றில் நீரையும் கரியமில வாயுவையும் இழுத்துக் கல்லாகிவிடும். பிளாஸ்டர் மூட்டைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நீர் குடித்துச் செத்துப்போகும். பிறகு கரைத்து ஊற்றினால் சரியாக இறுகாது.

மூன்றாவது, மழை பட்டால் கரைந்தே ஓடிவிடும் ஜாதி. சோடா ஆஷ், வெண்காரம், மயில்துத்தம் எல்லாம் இதில் சேரும் (சோடா ஆஷுக்கு இரண்டு கூட்டத்திலும் உறுப்பினர் அட்டை உண்டு). ஃபெல்ஸ்பார் மூட்டை வெள்ளத்தில் நனைந்தால் மூட்டை மிஞ்சும். சோடா ஆஷ் மூட்டை நனைந்தால் சாக்கு மட்டும் மிஞ்சும். உள்ளே இருந்தது மண்ணுக்கும் பக்கத்துக் கிணற்றுக்கும் போய்விடும். மயில்துத்தம் அப்படிப் போனால் நஷ்டம் பட்டறைக்காரருடையது மட்டும் இல்லை. குளத்து மீனுக்கும் சேர்த்துத்தான்.

ஏபிசி அனாலிசிஸ் இங்கே தோற்கும்

ஸ்டோர்ஸ் கன்ட்ரோல் என்றால் நமக்குச் சொல்லித்தருவது ஏபிசி அனாலிசிஸ். விலை உயர்ந்த சரக்கு ஏ, அதற்குப் பூட்டும் சாவியும். மலிவான சரக்கு சி, அது எங்கேயாவது கிடக்கட்டும்.

இதை ஒரு பீங்கான் பட்டறையில் அப்படியே செய்து பாருங்கள். விலை அதிகமான சரக்கு கோபால்ட் ஆக்சைடு, நீல நிறத்துக்குப் போடுவது. அதை டப்பாவில் போட்டு, பீரோவில் வைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். திருட்டுக்குப் பயந்தால் சரிதான். ஆனால் ஈரம் கோபால்ட் ஆக்சைடை ஒன்றும் செய்யாது. விலை மலிவு என்று வெளியே கிடக்கும் சோடா ஆஷ்தான் தினமும் மாறிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு மாறும்? இது வேதியியல் பாடம், ஆனால் கணக்கு சுலபம். 100 கிராம் சுத்தமான சோடா ஆஷ் தன் முதல் பங்கு நீரை எடுத்துக்கொண்டால் 117 கிராம் ஆகும். பத்துப் பங்கு நீரையும் எடுத்துக்கொண்டால் (அதுதான் நம் வீட்டுச் சலவைச் சோடா) கிட்டத்தட்ட 270 கிராம். வெளியே கிடந்த மூட்டை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கலாம், கரியமில வாயு சேர்ந்து வேறு உப்பாகவும் மாறியிருக்கலாம். ஓரத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி.

ஷினோ என்று ஒரு வகை கிளேஸ் உண்டு. அதன் இன்றைய செய்முறைகள் பலவற்றில் சோடா ஆஷ் முக்கியமான பொருள். 10 கிலோ கலவையில் 800 கிராம் போடச் சொல்கிறது குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் பங்கு நீர் ஏறிய மூட்டையிலிருந்து 800 கிராம் அள்ளினால் உண்மையில் விழுவது 684 கிராம். முழுக்க நீர் குடித்த மூட்டை என்றால் 300 கிராம் கூட இல்லை. உருகவைக்கும் பொருள் குறைந்தால் கிளேஸ் சரியாக உருகாது. கோப்பை சொரசொரவென்று வெளியே வரும். பட்டறைக்காரர் சூளையைத் திட்டுவார், விறகைத் திட்டுவார், கடைக்காரரைத் திட்டுவார். வேப்பமரத்தடியில் இருக்கும் குற்றவாளியை யாரும் விசாரிக்க மாட்டார்கள். :-)

ஆகவே விலையைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், தாகத்தைப் பார்த்துப் பிரியுங்கள். எது நீரைக் குடிக்குமோ அதுவே ஏ. அது கிலோ எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

ரூம் கட்டினால் தீருமா?

தீராது. கூரை மழையை நிறுத்தும். ஈரக்காற்றை நிறுத்தாது. காற்றோட்டம் இல்லாத அறையில் நவம்பர் மாதத்தில் சுவரே வியர்க்கும். அதற்குள் வாய் திறந்து கிடக்கும் சோடா ஆஷ் மூட்டையும், வெளியே தாழ்வாரத்தில் இறுக மூடிய பிளாஸ்டிக் டிரம்மில் இருக்கும் சோடா ஆஷும் போட்டி போட்டால் ஜெயிப்பது வெளியே இருப்பதுதான். தேவை அறை இல்லை, மூடி.

மூட்டைகள் மேல் தார்ப்பாயைப் போட்டுத் தரைவரை இழுத்துக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களும் இருக்கிறார்கள். பகல் வெயிலில் தரை ஈரம் ஆவியாகி மேலே போகும், இரவில் தார்ப்பாயின் அடியில் முத்து முத்தாகத் திரண்டு மூட்டை மேலேயே சொட்டும். மூட்டையைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி, தார்ப்பாயைப் பந்தல் மாதிரி உயரத்தில் கட்டி, பக்கவாட்டில் காற்று போகவிட்டால்தான் பலன்.

பிளாஸ்டிக் சாக்கும் நிரந்தரம் இல்லை. நேர் வெயிலில் சில மாதம் கிடந்தால் நூல் நூலாக உதிரும். தூக்கும்போது அடி பிய்ந்து கொட்டும். இரும்பு டிரம் பலமாகத் தெரியும், ஆனால் கடற்காற்றில் துருப்பிடித்து, துரு உள்ளே உதிர்ந்தால் வெள்ளைக் கிளேஸில் கறுப்புப் புள்ளிகளாக முளைக்கும். நிழலில் வைத்த, இறுகும் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்தான் இந்த ஊருக்கு ஏற்றது. ஒரு அறை கட்டும் செலவில் எத்தனை டிரம் வாங்கலாம் என்பதை அவரவர் ஊர் விலையில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஈரத்தில் கெடாத நிலை எது? ஏற்கெனவே ஈரமாக இருப்பது! மழைக்கு முன்னால், தூள்கள் காய்ந்திருக்கும் ஆவணி, புரட்டாசியிலேயே தேவையான கிளேஸை நிறுத்துக் கலந்து, தண்ணீரில் கரைத்து வாளிகளில் மூடி வைத்துவிட்டால், பிறகு காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தால் என்ன? தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம், அடியில் படிந்தால் கலக்கிக்கொள்ளலாம். கரையும் உப்புகள் நிறைந்த சில கலவைகளுக்கும், பசை சேர்த்தவற்றுக்கும் (பசை அழுகி நாறும்) இது ஒத்துவராது. மற்ற பெரும்பாலானவற்றுக்கு ஒத்துவரும். நம் பாஷையில் சொன்னால், மூலப்பொருளை மழைக்கு முன்பே ஒர்க்-இன்-புராக்ரஸ் ஆக்கிவிடுவது.

காய வைக்காதே, கணக்குப் போடு

கல் ஜாதி வெளியே நனைந்துவிட்டது. என்ன செய்வது? பலரும் செய்வது, வெயிலில் பரப்பிக் காயவைத்து, கட்டியை உலக்கையால் தட்டி உடைப்பது. இதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் தூசி நுரையீரலில் தங்கிவிடும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ். அதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. அந்தத் தூசியைப் பொறுத்தவரை ஈரம் நமக்கு நண்பன்.

சரியான வழி, ஈரத்தை ஒரு எண்ணாக மாற்றுவது. மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்து 100 கிராம் நிறுத்து, ஆறிக்கொண்டிருக்கும் சூளையின் மேல் ஒரு இரவு வைத்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள். 92 கிராம் இருந்தால் ஈரம் 8 சதவீதம். குறிப்பு 20 கிலோ சைனா களிமண் கேட்டால் எவ்வளவு போட வேண்டும்?

20-க்கு 8 சதவீதம் கூட்டினால் 21.6 கிலோ என்று பதில் வரும். தப்பு. 20-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும், 21.74 கிலோ. அடக்க விலை மேல் லாபமா, விற்பனை விலை மேல் லாபமா என்று முதல் வருஷத்தில் குழம்பினோமே, அதே குழப்பம்தான் இது. அன்று மார்க் போனது. இங்கே களிமண் குறைந்து, கிளேஸ் வாளியின் அடியில் சீக்கிரம் படியும், சூளையில் வழிந்து தட்டில் ஒட்டும்.

இந்தச் சோதனைக்குத் தேவை ஒரு தராசு, ஒரு தட்டு, ஒரு இரவு. சைனா களிமண்ணுக்கும் ஃபெல்ஸ்பாருக்கும் இது போதும். சோடா ஆஷுக்குப் போதாது, அது எடையில் மட்டுமில்லாமல் பொருளிலேயே மாறியிருக்கலாம். அதனால்தான் முதல் மூடி அதற்கு.

பெயர் போனால்

இதுவரை சொன்னதெல்லாம் பண நஷ்டம். கடைசியாகச் சொல்ல வேண்டியது அது இல்லை.

மழை முதலில் அழிப்பது சரக்கை அல்ல, பெயரை. சாக்கில் பேனாவில் எழுதியது வெயிலில் வெளுக்கும். ஒட்டிய காகிதம் நனைந்து உரியும், மிச்சத்தைக் கரையான் தின்னும். அதன் பிறகு வரிசையாக நிற்கும் வெள்ளைத் தூள் மூட்டைகளில் எது குவார்ட்ஸ், எது ஃபெல்ஸ்பார், எது கால்சியம் கார்பனேட்? எல்லாம் மாவு மாதிரிதான் இருக்கும்.

மாவு மாதிரி இருப்பதில் ஒன்று பேரியம் கார்பனேட். சில கிளேஸ்களில் போடுகிறார்கள். ஒரு காலத்தில் எலி மருந்தாக விற்ற பொருள். வயிற்று அமிலத்தில் கரைந்து விஷமாகும். இதை மாவு என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு உயிர்விட்டவர்கள் உலகில் உண்டு. வினிகர் ஊற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், கால்சியம் கார்பனேட்டும் நுரைக்கும், சோடா ஆஷும் நுரைக்கும், பேரியம் கார்பனேட்டும் நுரைக்கும். நுரை ஆபத்தைக் காட்டிக்கொடுக்காது. பெயர் போன வெள்ளைத் தூளை ஊகித்துப் பயன்படுத்தக் கூடாது. அதை விஷமென்றே எண்ணி ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த மூட்டை முழுக்க நஷ்டம். புத்தகம் இதைத்தான் அப்நார்மல் லாஸ் என்கிறது, தவிர்த்திருக்கக் கூடிய நஷ்டம்.

தவிர்ப்பதற்கு ஆகும் செலவு? டிரம்மின் உடம்பில் பெயின்டால் ஒரு பெயர், மூடியிலும் அதே பெயர், பிளாஸ்டிக் உறையில் போட்ட சீட்டு ஒன்று உள்ளே. வாங்கிய தேதியும் சேர்த்து எழுதினால் பின் கார்டு தயார், பழைய சரக்கு முதலில் போகும்.

அந்தப் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். கம்பெனி மூட்டையில் ஆங்கிலம்தான் இருக்கும். ஆனால் தினமும் அதைத் தூக்கி, நிறுத்து, கலப்பது உதவிக்கு இருக்கும் அக்காவோ தம்பியோ. "அந்த மூணாவது மூட்டையிலேர்ந்து எடும்மா" என்று முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தால், மழைக்காக நேற்று மூட்டைகளை இடம் மாற்றியிருந்தால், மூன்றாவது எது? பேரியம் கார்பனேட் மூடியில் "விஷம்" என்று மூன்றே எழுத்தைப் பெரிதாக எழுத எவ்வளவு பெயின்ட் ஆகிவிடும்?

சின்னப் பட்டறைகளைப் பார்த்து "முதலீடு போதவில்லை, கிடங்கு இல்லை" என்று அனுதாபப்படுவது நம் வழக்கம். கிளேஸ் சரக்கைப் பொறுத்தவரை அந்த அனுதாபம் தேவையில்லை. ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் மரத்தடியிலேயே இருக்கட்டும், தரையை விட்டு உயரமாக, நிழலில். கையில் இருக்கும் காசு முதலில் சோடா ஆஷின் மூடிக்கும், பிளாஸ்டரின் மூடிக்கும், பிறகு எல்லா டிரம்மின் பெயருக்கும் போகட்டும். பூட்டு கோபால்டுக்கு மட்டும் போதாது, பேரியத்துக்கும் ஒன்று வேண்டும்.

அடுத்த ஐப்பசி வரத்தான் போகிறது. 1000 கிலோ 1080 கிலோ ஆனால் சந்தோஷப்படாதீர்கள். அந்த 80 கிலோவுக்கு ஒரு பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.